சவரியம்மா பேரில் ஒரு வீடியோ கேம்

போத்தனூரில் யாராவது படுக்கையில் விழுந்துவிட்டால், அந்த வீடு இருக்கிற தெரு வழியாகச் சந்தியாகு நடக்க மாட்டார். ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு போவார். அப்படிப் போகச் சொல்லி யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஒருதரம் ஒரு வீட்டு வாசலில் நின்று, "ஐயாவுக்கு இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். உள்ளே இருந்த பொம்பளை கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவராகவே தெரிந்துகொண்டார்.

அவருக்குத் தொழில் சவப்பெட்டி செய்வது. கோயிலுக்குப் போகிற ரோட்டில் முன்னால் கடை, பின்னால் வீடு. நீலகிரியிலிருந்து வருகிற சில்வர் ஓக் பலகைதான் வாங்குவார். பெட்டிக்கு உள்பக்கம் கையால் தடவிப் பார்த்து, ஒரு சிராய் தட்டினாலும் மறுபடி இழைப்பார். வெளிப்பக்கம் ஊதா வெல்வெட் ஒட்டுவது சம்சாரம் அற்புதம். ஓரத்துக்கு வெள்ளி லேஸ் வைத்துத் தைப்பது மகள் ஃபெமினா. மூடிமேல் அடிக்கிற கறுப்புத் தகட்டில் பேர் எழுதுவது மட்டும் அவரே. அஞ்சாவதோடு நின்ற படிப்பில் அவர் கையில் தங்கினது அந்த எழுத்து ஒன்றுதான். முத்து முத்தாக இருக்கும். அந்த ஆத்துமாவுக்காக மாதாவிடம் ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டே எழுதுவார்.

ஊர் அவரை மதிக்கத்தான் செய்தது. சாவு வீட்டில் முதலில் அவருக்குத்தான் நாற்காலி போடுவார்கள். கல்யாண வீட்டுக்காரர்களும் பத்திரிகை வைப்பார்கள். போனால், பொண்ணு மாப்பிள்ளை பக்கத்தில் அண்டவிடாமல் யாராவது ஒருத்தர் பேச்சுக் குடுத்துக்கொண்டே கூட்டிப்போய்ப் பந்தியில் உட்கார வைத்துவிடுவார். சந்தியாகு அதையும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சூசையப்பருக்கும் ஆண்டவர் தச்சு வேலைதானே குடுத்தார் என்று மனசைத் தேற்றிக்கொள்வார்.

அந்தத் தேற்றல் அன்னூரில் செல்லவில்லை.

அன்னூரில் அவருடைய அக்கா சவரியம்மா இருந்தாள். தாய் செத்தபோது சந்தியாகு கைக்குழந்தை. சவரியம்மாளே அப்போது பாவாடை கட்டின பிள்ளை. அவள்தான் இடுப்பில் தூக்கித் திரிந்து, களியை உருட்டி ஊட்டி, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்துக் குடுத்து அவரை ஆளாக்கினாள். கல்யாணமாகி அன்னூருக்குப் போனபோது தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் போனாள். புருசன் காலமான பிறகு மகன் லியோவோடு இருந்தாள். லியோ அங்கே இரும்புச் சாமான் கடை வைத்து நன்றாக இருந்தான்.

தொண்ணூத்தஞ்சாம் வருசம் தவக்காலம் தொடங்கின சமயம், சவரியம்மாளுக்கு வாதம் அடித்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சேதி கேட்டதும் சந்தியாகு பஸ் ஏறினார்.

வீட்டு கேட்டைத் திறக்கும்போதே லியோ வெளியில் வந்துவிட்டான்.

"ஏனுங் மாமா, ஒரு போன் பண்ணிப்போட்டு வரக்கூடாதுங்களா?"

"அக்காளை ஒரு எட்டு பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தேன் தம்பி."

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. நாக்கு குழறின குரல். "யாரது லியோ? தம்பி சத்தமாட்ட இருக்குது."

சந்தியாகு வாயைத் திறந்தார். அதற்குள் லியோ அவர் தோளில் கை போட்டு, "ஒருத்தருமில்லீங்மா, கடைக்கு ஆள் வந்திருக்குது" என்று உள்பக்கம் குரல் குடுத்துவிட்டு, அவரைத் தெருமுனைப் பேக்கரிக்குக் கூட்டிப்போனான். டீ வாங்கிக் குடுத்தான். பன்னும் வாங்கிக் குடுத்தான். அவன் கெட்டவன் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அம்மாளுக்குப் புத்தி தெளிவா இருக்குதுங்க மாமா. அதுதான் எனக்குப் பயம். இந்தச் சமயத்துல நீங்க வந்து கட்டில் பக்கத்துல நின்னா என்ன நெனப்பாங்க, சொல்லுங்க."

"தம்பி வந்துட்டான்னு நெனைக்கும்."

லியோ டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். "மரியலூயிஸ் ஊட்டுக்கு நீங்க போயிட்டு வந்த வாரமே அவரு..."

"அது கேன்சரு தம்பி. நான் போகாட்டியும் போயிருப்பாரு."

"எனக்குத் தெரியுதுங்க. என்ற சம்சாரத்துக்குத் தெரியோணுமில்ல. ஒறம்பரை சொந்தபந்தத்துக்குத் தெரியோணுமில்ல. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, மாமன் வந்து அளவெடுத்துட்டுப் போனான்னுதான் பேசுவாங்க." குரலை இறக்கிச் சொன்னான். "கோவிச்சுக்காதீங்க. இந்தத் தொழிலை உட்டுப்போடுங்க மாமா. வேற எது வேணாலும் செய்யுங்க. அன்னைக்கு நானே காரெடுத்துட்டு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன். அம்மா பக்கத்துலயே உக்காந்து சாப்புடலாம்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"மாதா சத்தியமாங்க."

திரும்பி வந்து அற்புதத்திடம் சொன்னார். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "கூடப்பொறந்தவளைப் பாக்கறதுக்கு இனி லைசென்ஸ் வாங்கோணுமாக்கும். அவன் பொறந்தப்போ தொட்டில் செஞ்சு குடுத்தது யாருன்னு கேட்டீங்களா?"

"அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குது."

"உங்களுக்கு எல்லார் சொல்றதுலயும் ஞாயம் இருக்கும்."

இருந்தாலும் அவளும் அன்றைக்கு ராத்திரிச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். இந்தக் கடைப் பேரைச் சொல்லித்தான் ஃபெமினாவுக்கு வந்த இடமும் தட்டிப்போயிருந்தது. விட்டுவிட்டால்தான் என்ன என்று அவளுக்கும் ஒரு ஓரத்தில் ஓடாமல் இல்லை.

எதிர்ச்சாரியில் டிவி ரிப்பேர் பார்க்கிற உமர் பாரூக்தான் வழி சொன்னார். அந்த வருசங்களில் கோயமுத்தூர் முச்சூடும் வீடியோ கேம் கடை முளைத்துக்கொண்டிருந்தது. ஆள் உயரப் பெட்டி, உள்ளே டிவி, ஒரு ரூபாய்க் காசைப் போட்டால் விமானம் பறக்கும், பையன்கள் குச்சியைப் பிடித்து ஆட்டிச் சுட்டுத் தள்ளுவார்கள். சூலூரில் ஒருத்தர் கேட்டாரென்று உமர் பாரூக் சென்னையிலிருந்து அதற்கான போர்டை வாங்கி வந்திருந்தார். அந்தச் சூலூர்க்காரர் வேண்டாமென்று சொல்லிவிட, சாமான் கடையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"டிவி, போர்டு, வயர் எல்லாம் என் பொறுப்பு மேஸ்திரி. பெட்டி உங்க பொறுப்பு" என்றார் உமர் பாரூக். பழைய பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். இங்கே திரை சாய்வாக உட்கார வேண்டும், இங்கே குச்சியும் பட்டனும், இங்கே காசு விழுகிற ஓட்டை.

சந்தியாகு பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆளு நிக்கற மாதிரி ஒரு பெட்டி. அவ்வளவுதானுங்களே பாய்?"

"அவ்வளவுதான். இத்தனை நாள் உங்க பெட்டிக்குள்ள போனது ஒண்ணாவது வாயைத் திறந்துச்சா? இது பாட்டுப் பாடும் பாருங்க."

சந்தியாகு சிரித்தார். கடைப் பேர்ப் பலகையை இறக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பெட்டி கேட்டு வந்தவர்களை உக்கடத்துக் கடைக்குக் கை காட்டினார்.

புதுசாகப் பிளைவுட் வாங்கலாமென்று உமர் பாரூக் சொன்னார். சந்தியாகு கேட்கவில்லை. கடையில் நல்ல பலகை அடுக்கிக் கிடந்தது. ஆண்டவர் குடுத்த பொருளை வீணாக்குவது அவருக்குப் பாவமாகப் பட்டது. முதல் பலகையில் ரம்பம் வைக்குமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அக்காளுக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னார். பிறகு வேலை ஓடியது. ஆணித்தலை வெளியில் தெரியாமல் உள்ளே இறக்கி, மூலைகளைப் பல் வெட்டிக் கோத்து, பின்பக்கக் கதவைக் கீல் சத்தமில்லாமல் மூடுகிற மாதிரி வைத்தார். தூக்கி வைக்க வசதியாக இருக்கட்டுமென்று இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடி மாட்டினார்.

பக்கத்து டீக்கடைக் காளிச்சாமி அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"பரவால்லீங் மேஸ்திரி. இனிமேலாச்சும் உங்க கடைக்கு வாரவன் நடந்து வந்து நடந்தே போவானாட்டருக்குது."

"நீங்களும் வந்து வெளையாடுங்க."

"நமக்கு வேண்டாமுங்க. உங்க பெட்டிக்கு இப்பவே என்னங் அவசரம்?"

அப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனிதர்தான். குச்சியை எந்த உயரத்தில் வைப்பது என்று சந்தியாகுவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. விளையாடப் போகிறது பையன்கள். காளிச்சாமியின் மகன் டீ டம்ளரை எடுத்துப் போக வந்தான். "கண்ணு, இங்க வா. சித்த நேரா நில்லு" என்று கூப்பிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, டேப்பை விரித்தார். உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் அளந்தார். முழங்கை உயரம் மட்டும் அளந்திருந்தால் போதும். ஆனால் அது பழகின கை. உயரம் எடுத்த கையோடு தோளுக்குத் தோள் அகலமும் எடுத்துப் பலகையில் குறித்துக்கொண்டது. வீடியோ கேம் பெட்டிக்குத் தோள் அகலம் எதற்கு என்று அவர் யோசிக்கவேயில்லை.

காளிச்சாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்து பையன் கையைப் பிடித்தார்.

"அவன வேண்டாமுங் மேஸ்திரி."

"ஸ்டிக்கு எந்த ஒசரத்துல வெக்கறதுன்னு பாக்கறதுக்குத்தானுங்க..."

"தெரியுதுங்க. வேண்டாமுங்க."

அன்று சாயங்காலம் டீக்கடைக்குப் பின்னால் உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்ட நெடி தெருவெல்லாம் வந்தது. காளிச்சாமி அதற்குப் பிறகும் டீ அனுப்பினார். பையன் கையில் அனுப்பவில்லை. வாய்ச்சொல்லும் நின்றுபோனது. சந்தியாகு பலகையில் எழுதின அந்த அளவை இழைப்புளியால் இழைத்து எடுத்துவிட்டு, ஃபெமினாவைப் பையன் உயரத்துக்கு முட்டி போடச் சொல்லி அவள் முழங்கைக்குக் குச்சியை வைத்தார்.

அலங்காரம் அற்புதமும் ஃபெமினாவும் பார்த்துக்கொண்டார்கள். மீந்திருந்த ஊதா வெல்வெட் முழுக்க இரண்டு பக்கமும் சுருக்கமில்லாமல் ஒட்டினார்கள். திரையைச் சுற்றி வெள்ளி லேஸை மடித்து மடித்துப் பூப் போலத் தைத்தார்கள். தகரத்தில் நட்சத்திரம் வெட்டி அங்கங்கே பதித்தார்கள். உள்ளே லைட் எரியும்போது லேஸ் மினுமினுத்தது. அற்புதம் நாலு அடி பின்னால் போய் நின்று பார்த்து, "மாதா தேர் மாதிரி இருக்குது" என்றாள்.

உமர் பாரூக் வயர் மாட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "ஊதா கொஞ்சம் ஜாஸ்தியோ மேஸ்திரி? பசங்களுக்குப் புலி, சிங்கம், சண்டைக்காரன் படம் ஏதாச்சும் எழுதினா..."

"கோயில்ல இப்ப தவக்காலத்துக்கு இதே கலருதான் பாய்."

உமர் பாரூக் மறுபடி வயரைக் கையில் எடுத்தார். அடுத்தவர் கோயில் விசயம். "சரி, பேரு ஒண்ணு வெக்கோணுமே" என்றார். "டைகர், கோப்ரான்னு இங்கிலீஷ்ல போடுங்க."

பேரை முதலிலேயே சந்தியாகு நினைத்து வைத்திருந்தார். யாரைப் பார்ப்பதற்காக இந்தப் பெட்டியைச் செய்தாரோ அவள் பேர்தான். கறுப்புத் தகடு ஒன்றை வெட்டி, மடியில் வைத்து, வெள்ளைப் பெயிண்டில் 'சவரியம்மா வீடியோ கேம்' என்று எழுதினார். எழுதும்போது வாய் பழக்கப்படி மாதா ஜெபத்தைச் சொன்னது. சுற்றி ஒரு வரிசை லேஸ் வைத்து, உச்சியில் சின்னதாகச் சிலுவை வரைந்து, திரைக்கு மேலே அடித்தார்.

"அத்தை பாத்தா எத்தனை சந்தோசப்படும்" என்றாள் ஃபெமினா.

அந்த வீட்டில் ஒருத்தர் பேரை மரியாதையாக எழுதுவது என்றால் அப்படித்தான் எழுதுவார்கள். வேறு விதம் அவர்களுக்குத் தெரியாது. ஊதாவும் வெள்ளி லேஸும் மற்றவர்களுக்குத் துக்கம். அவர்களுக்கு அது தினமும் கையில் புழங்குகிற அழகு. கசாப்புக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ரத்தம் கண்ணில் படாத மாதிரி.

ஈஸ்டர் முடிந்து சாமியார் வந்து கடையை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். தகட்டைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "சவரியம்மா யாரு, சந்தியாகு?"

"என்ற அக்காங்க சாமி."

"அடடா. எப்போ..." என்று தொடங்கினவர், சந்தியாகு முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"அன்னூர்ல இருக்குதுங்க சாமி. வாதம். சீக்கிரமே போய்ப் பாக்கப்போறேன்."

சாமியார் தலையாட்டினார். அவளுக்காகவும் ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். சாமியாரே அக்காளுக்காக ஜெபித்தார் என்கிற சந்தோசத்தில், அவர் எதைக் கேட்க வந்து நிறுத்தினார் என்று சந்தியாகு யோசிக்கவில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தது. பையன்கள் வந்தார்கள். முதல் நாளே ஒருத்தன் லேஸை இழுத்துப் பார்த்து, "டேய், எங்க தாத்தன் போனப்போ இதே லேஸ்தான்டா" என்றான். எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். பெரியவர்களாக இருந்தால் பயந்து ஓடியிருப்பார்கள். பையன்களுக்கு அதுவே பெரிய விளையாட்டாகப் போய்விட்டது. குறிச்சியிலிருந்தும் வெள்ளலூரிலிருந்தும் சைக்கிளில் வந்தார்கள், பொணப்பொட்டியில் கேம் ஆடலாம் என்று. காசு போடுமுன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விமானம் வெடித்துத் திரை இருட்டானால், சுற்றி நிற்கிற அத்தனை பேரும் மாரில் அடித்துக்கொண்டு ராகம் இழுப்பார்கள்: "போயிட்டாளே... சவரியம்மா போயிட்டாளே..."

முதல் தடவை கேட்டபோது சந்தியாகு எழுந்து வந்தார். "அப்படிச் சொல்லாதீங்க கண்ணுகளா. அது என்ற அக்கா பேரு."

"கேமுதானுங் தாத்தா செத்துப்போச்சு. அக்கா இல்லீங்க."

அற்புதம் உள்ளேயிருந்து, "பசங்க வாய்க்குப் பூட்டுப் போட முடியுங்களா? உடுங்க" என்றாள். கடை ஓடியது. வேறே தொழில் என்று சொல்ல ஒன்று கையில் இருந்தது. அவருக்கு அது போதும். எஸ்டிடி பூத்துக்குப் போய் லியோவுக்குப் போன் போட்டார்.

"தம்பி, நீ சொன்னபடியே அந்தத் தொழிலை உட்டுப்போட்டேன். வீடியோ கேம் கடை வெச்சிருக்கேன். வந்து பாத்துப்போட்டு என்னையக் கூட்டிட்டுப் போ."

லியோவுக்கும் சந்தோசம்தான். குரலில் தெரிந்தது. "ஞாயித்துக்கிழமை வாரனுங் மாமா. அம்மாகிட்டயும் சொல்லிப்போடறேன்."

அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்று அவன் மறுபடி போன் பண்ணியும் சொன்னான். அம்மா அழுதாளாம். தம்பிக்குப் பிடிக்குமென்று பருப்பும் நெய்யும் போட்டுச் சமைக்கச் சொன்னாளாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சந்தியாகு வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். கையில் ஒரு பையில் சாத்துக்குடியும், வேளாங்கண்ணியிலிருந்து யாரோ கொண்டுவந்து குடுத்த மாதா எண்ணெயும். கார் வந்து நின்றது. லியோ சிரித்துக்கொண்டே இறங்கினான். பசங்க கூட்டத்தைப் பார்த்து, "பரவால்லீங்களே மாமா, நல்ல ஓட்டமாட்டருக்குது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தான்.

அந்த நேரம் பார்த்து விமானம் வெடித்தது.

"போயிட்டாளே... சவரியம்மா போயிட்டாளே..."

லியோ நின்றான். பையன்கள் தலைக்கு மேலாக ஊதா வெல்வெட்டைப் பார்த்தான். கைப்பிடியைப் பார்த்தான். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்தில் தன் தாயின் பேரைப் பார்த்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், லேஸ் ஓரத்தை விரலால் தொட்டான். இடம் குடுத்த பையன்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக அடங்கிப்போனார்கள்.

"மாமா. இது என்னங்க?"

"உங்கம்மா பேருலதான் தம்பி..." என்று ஆசையாகத் தொடங்கினார் சந்தியாகு.

"எங்கம்மா இன்னும் சாகலீங்க மாமா."

அப்போதுதான் சந்தியாகு அந்தப் பெட்டியை வெளி ஆள் கண்ணால் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் எல்லாம் தெரிந்தது. காளிச்சாமி பையன் கையைப் பிடித்ததும், சாமியார் பாதியில் நிறுத்தினதும் சேர்ந்து தெரிந்தது.

லியோ காரை எடுக்கப் போனான். சந்தியாகு பின்னாலேயே ஓடினார். "நான் வரல தம்பி. இந்தப் பையை மட்டும் அக்காகிட்டக் குடுத்துரு. சாத்துக்குடிதான்."

"வேண்டாமுங்க" என்றான் லியோ. கண்ணாடியை ஏற்றிவிட்டான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அன்றைக்கே தகட்டைக் கழற்றினார். ஃபெமினா அழுதுகொண்டே லேஸைப் பிரித்தாள். அற்புதம் வெல்வெட்டைக் கிழித்தாள், "நாங்கதானுங்க ஒட்டினோம், உங்க மேல என்ன தப்பு" என்று சொல்லிக்கொண்டே. பெட்டி வெறும் மரமாக நின்றது. மறுநாள் வந்த பையன்கள், "என்னங் தாத்தா, பொணப்பொட்டி எங்க?" என்று கேட்டார்கள். ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தார்கள். விளையாட்டு அதேதான், ஆனால் ருசி போய்விட்டது. பள்ளிக்கூடம் திறக்குமுன்பே ஈ ஓட்டுகிற கடையாகிவிட்டது. உமர் பாரூக் போர்டைக் கழற்றி எடுத்துப்போகும்போது, "நான் அன்னைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கோணும் மேஸ்திரி" என்றார். சந்தியாகு, "இல்லீங்க பாய்" என்று மட்டும் சொன்னார்.

அன்னூருக்குப் போன் போட்டால் லியோவின் சம்சாரம் எடுப்பாள். "அத்தை தூங்கறாங்க மாமா." எப்போது போட்டாலும் அத்தை தூங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அற்புதத்திடமும் சொல்லாமல் அன்னூர் கோயிலுக்குப் பூசைக்குப் போனார். பூசை முடிந்ததும் அந்த ஊர்ச் சாமியார் நோயாளிகளுக்கு, ஆண்டவரின் உடலென்று வணங்குகிற நற்கருணை அப்பத்தை எடுத்துக்கொண்டு புறப்படுவது வழக்கம். முன்னால் ஒருத்தர் மணி அடித்துக்கொண்டு போக, நாலைந்து பேர் பின்னால் நடப்பார்கள். சந்தியாகுவும் கடைசி ஆளாக நடந்தார். தெருமுனை வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. மற்றவர்கள் லியோ வீட்டுக்குள் போனார்கள். ஆண்டவர் உள்ளே போய்விட்டார். தம்பி பேக்கரி வாசலில் முட்டி போட்டார். நாக்கு குழறின குரலில் 'ஆமென்' கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். பேக்கரியில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் சவரியம்மா செத்துப்போனாள். சேதி உமர் பாரூக் கடைப் போனுக்கு வந்தது. லியோவே பேசினான். "பெட்டிக்குச் சொல்லியாச்சுங்க மாமா. கோயமுத்தூர்லிருந்து ரெடிமேடு வருது. நீங்க சும்மா வந்தாப் போதும்."

கேட் திறந்திருந்தது. அன்றைக்கு அவரை யாரும் தடுக்கவில்லை. முன்னறையில் பளபளவென்று பாலிஷ் போட்ட பெட்டியில் அக்கா கிடந்தாள். சந்தியாகு ஒரு ஓரமாக, மற்ற ஒறம்பரைகளோடு உட்கார்ந்தார். லியோவின் சம்சாரம் அவர் காலடியில் உட்கார்ந்து, "கடைசி வரைக்கும் தம்பி கெளம்பிட்டானான்னு கேட்டாங்க மாமா" என்று சொல்லி அழுதாள். அவளுக்கு அந்த நேரம் யாரிடமாவது சொல்லி அழ வேண்டியிருந்தது. அவர் அவள் தலையில் கை வைத்தார்.

கிட்டப் போய் உட்காரலாம், அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று எழுந்தார். அதற்குள் சாமியார் வந்துவிட்டார். ஜெபம் முடிந்து மூடியைத் தூக்கி வைத்தார்கள். மழை ஈரத்தில் மரம் ஊதி, மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ரெண்டு பேர் அழுத்திப் பார்த்தார்கள். யாரோ சுத்தியல் கேட்டார்கள். லியோ கூட்டத்தில் தேடி அவரைக் கண்டுபிடித்தான்.

"மாமா, மூடி உக்கார மாட்டீங்குதுங்க. சித்த பாருங்க."

லியோ கடையிலிருந்து புது இழைப்புளி வந்தது. சந்தியாகு மூடியை எடுத்து மடியில் வைத்து ஓரத்தை இழைத்தார். சுருள் சுருளாகச் சீவல் அவர் வேட்டியில் விழுந்தது. திரும்ப வைத்துப் பார்த்தார். எடுத்து இன்னும் ஒரு இழை இழைத்தார். வைக்குமுன் அக்காளின் முகத்தைப் பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் பார்த்து வருசமாகியிருந்தது. வெளியில் வண்டி ஹாரன் அடித்தது. சாமியார் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"ஆச்சுங்களா மாமா?"

"ஆச்சு தம்பி."

மூடி சத்தமில்லாமல் உட்கார்ந்தது. திருகாணியை அவரே முறுக்கினார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி, கால் கழுவி, எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். லியோவின் மாமனார் வழியில் வந்த ஒரு பெரியவர் கேட்டார். "மூடியை அத்தனை சுளுவா உக்கார வெச்சாரே, யாருங்க அவரு?"

"என்ற தாய்மாமனுங்க" என்றான் லியோ. அழுது வீங்கின முகத்தோடு, மரியாதையாகத்தான் சொன்னான். "போத்தனூர்ல சவப்பெட்டிக் கடை வெச்சிருக்காரு. கைவேலைன்னா அப்படி இருக்கும். வேணும்னா அவருகிட்டயே சொல்லுங்க."

சந்தியாகு அந்தத் தொழிலை விட்டுவிட்டதாகச் சொல்ல வாயெடுத்தார். அதை யாருக்குக் கேட்கச் சொல்லவேண்டுமோ, அவளை இப்போதுதான் மூடிவிட்டு வந்திருந்தார். பெரியவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். "கடை எந்தப் பக்கமுங்க?"

"கோயில் ரோடுங்க" என்றார் சந்தியாகு. "பேர்ப் பலகை இறக்கி வெச்சிருக்குது. வந்து யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."